உள்ளே சைலன்ட், வெளியே வயலன்ட்!

மதுரை காளவாசல் பக்கம் ஏதாவது ஒரு டயர் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இந்தக் காட்சியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. வெள்ளை ஃபார்ச்சூனர் ஒன்று வந்து நிற்கும். கண்ணாடி இறங்கும். ஏசி காற்றோடு ஒரு குரல் வெளியே வரும்.

"தம்பி, நாலு டயரும் மாத்தணும். எண்பதைத் தாண்டுனா உள்ள ஒரே இரைச்சலா இருக்கு. போன் கூட பேச முடியல. சத்தமே இல்லாம ஒண்ணு சொல்லுங்க."

"கவலையே படாதீங்கண்ணே. பிரீமியம் டயர் இருக்கு. சும்மா மெத்தையில போற மாதிரி போகும்!"

"எவ்வளவு வரும்?"

இந்தக் கேள்விக்கு ரூபாயில் உடனே பதில் வந்துவிடும். "எத்தனை டெசிபல்?" என்ற கேள்வியை வண்டிக்காரர் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரரிடம் பெரும்பாலும் பதில் இருந்திருக்காது. ஒரு கிலோ தக்காளிக்கே தராசு முள்ளை உற்றுப் பார்க்கும் ஊரில், எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று செலவு பண்ணி வாங்கும் அமைதியை மட்டும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

கொடுமை இதோடு முடியவில்லை. இந்த மொத்தப் பேச்சுவார்த்தையும் காருக்கு உள்ளே இருக்கும் ஐந்தாறு பேரின் காதுகளைப் பற்றியது. காருக்கு வெளியே இருக்கும் ஊரின் காதுகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டயரின் சத்தத்தில் பெரும்பங்கு போய்ச் சேருவது வெளியேதான். அதனால் சொல்ல வேண்டியது இதுதான்: சொகுசு வண்டிக்குச் சத்தம் குறைந்த டயர் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது வெளியே எத்தனை டெசிபல் என்று. அதைக் கேட்காமல் வாங்கும் அமைதி பாதி அமைதி. அந்த மீதிப் பாதிக்கான பில் ரோட்டோரத்தில் குடியிருப்பவன் தலையில் விழுகிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

"இன்ஜின் சத்தம்தானே பெரிசு?" என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய கார்களில் ஏறக்குறைய 40-50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் இன்ஜினை டயர் முந்திவிடுகிறது. பைபாஸில் 90-ல் போகும் வண்டி ரோட்டோரம் நிற்பவருக்குத் தரும் சத்தத்தில் பெரும்பகுதி டயரும் தார் ரோடும் உரசிக்கொள்ளும் சத்தம்தான்.

இதில் மூன்று நான்கு கூட்டாளிகள் இருக்கிறார்கள். டயரின் பட்டன்கள் ஒவ்வொன்றாக ரோட்டில் அடிப்பது முதல் ஆள். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் காற்று மாட்டி, நசுங்கி, பீய்ச்சிக்கொண்டு வெளியேறுவது இரண்டாவது. டயரின் வளைவும் ரோடும் சேர்ந்து ஒரு கூம்பு மாதிரி ஆகி, இந்தச் சத்தத்தைக் கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் போலப் பெருக்கி அனுப்புவது மூன்றாவது. டயருக்குள் அடைபட்ட காற்று, சுமார் 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில், தவில் மாதிரி அதிர்வது நான்காவது. முதல் மூன்றும் ஊருக்கு. நான்காவது ரிம், ஆக்சில், பாடி வழியாக ஏறி நேராகக் காருக்குள்ளே வரும்.

இப்போது சொகுசு வண்டிகளுக்கு விற்கும் ஸ்பெஷல் 'சைலன்ட்' டயர்களைப் பாருங்கள். கான்டினென்டல், மிஷ்லின், பிரெல்லி, குட்இயர் என்று பெரிய கம்பெனிகள் எல்லாரிடமும் ஒரு வகை உண்டு. டயரின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பஞ்சுப் பட்டை ஒன்றை ஒட்டியிருப்பார்கள். நல்ல தொழில்நுட்பம், பொய்யில்லை. ஆனால் அந்தப் பஞ்சு அடக்குவது அந்த நான்காவது ஆளை. காருக்குள் வரும் ஆளை! வெளியே போகும் மூவரும் எப்போதும் போலப் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். உள்ளே சைலன்ட், வெளியே வயலன்ட்!

பஞ்சர் ஆனால் இன்னொரு வேடிக்கை. அந்த இடத்துப் பஞ்சை வெட்டி எடுத்து, உள்பக்கம் பேட்ச் போட்டு, பஞ்சைத் திரும்ப ஒட்ட வேண்டும். திருமங்கலம் தாண்டி ராத்திரி பதினொரு மணிக்கு இதைச் செய்ய யார் இருக்கிறார்கள் என்று வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

கரடுமுரடு மோகம்

பஞ்சு வைத்த டயர் வாங்குகிறவராவது அமைதி வேண்டும் என்று வாங்குகிறார். இன்னொரு கூட்டம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த டயர் தேய்ந்ததும் 'ஆல் டெரெய்ன்' டயர் வாங்கி மாட்டும் கூட்டம். பெரிய பெரிய பட்டன்கள், ஆழமான பள்ளங்கள், பக்கவாட்டில் தடித்த வெள்ளை எழுத்து. வண்டி பார்க்க ராணுவ வண்டி போல இருக்கும்.

எந்த டெரெய்னுக்கு? மதுரையைச் சுற்றி இருப்பது சமவெளி. மேலூர் பக்கம் போனால் வயல், திருமங்கலம் பக்கம் போனால் கரிசல், வாடிப்பட்டி பக்கம் போனால் தோப்பு. எல்லாவற்றுக்கும் நடுவே நாலுவழிச் சாலை. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஏறி இறங்கும் அதிகபட்ச மலை, கல்யாண மண்டப வாசலில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர்! வைகை மணலில் இறங்க வேண்டிய வேலை அழகருக்குத்தான் இருக்கிறது. அவரும் குதிரையில்தான் வருகிறார்.

பள்ளம் பெரிதானால் அதில் மாட்டும் காற்றும் அதிகம், பட்டன் பெரிதானால் அடியும் அதிகம். அதனால்தான் அந்த டயர்கள் தார் ரோட்டில் ஊளையிடுகின்றன. சேற்றில் பிடிப்புக்காகச் செய்த பொருளைத் தாரில் ஓட்டிவிட்டு, "உள்ள ஒரே இரைச்சலா இருக்கு" என்று புலம்புவது, மெட்டி போட்ட காலோடு நடந்துகொண்டே "யாரது சத்தம் போடுறது?" என்று கேட்பது மாதிரி.

தோட்டம், குவாரி, காட்டுப் பாதை என்று உண்மையாகவே வேலை இருப்பவர்கள் இதில் சேர்த்தி இல்லை. அவர்களுக்கு அது தொழில் கருவி. ரீகல் தியேட்டர் வாசலில் இருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் போக அது எதற்கு என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. ஏஐஎஸ் 142 என்ற தரக்குறியீட்டின் கீழ், டயர்களின் உருள் எதிர்ப்பு, ஈர ரோட்டுப் பிடிப்பு, உருளும் சத்தம் மூன்றுக்கும் மத்திய அரசு 2022 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. புது வடிவ டயர்களுக்கு 2022 அக்டோபரில் இருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த வடிவங்களுக்கு 2023-ல் இருந்தும் கட்டாயம் என்றார்கள். ஐரோப்பாவில் உள்ள விதிகளை ஒட்டியதுதான் இது. பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் அந்த விதிக்குள்ளேயே ஒரு விசித்திரம். கார் டயருக்கான சத்த வரம்பு அகலத்தைப் பொறுத்து மாறும். 185 மி.மீ. வரை உள்ள டயருக்கு 70 டெசிபல். அதற்கு மேல் 245 வரை 71. 275 வரை 72. அதையும் தாண்டினால் 74. அதாவது 145 மி.மீ. டயரில் ஓடும் ஆல்ட்டோவுக்கு 70. 265 மி.மீ. டயரில் ஓடும் ஃபார்ச்சூனருக்கு 72. அகலமான டயர் அதிகம் சத்தம் போடும் என்பது இயற்பியல். அதற்காக வரம்பையே ஏற்றிக் கொடுத்திருப்பது சலுகை. பெரிய வண்டிக்காரன் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடலாம் என்று சட்டமே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி.

"வெறும் 2 டெசிபல்தானே?" என்று சிரிக்க வேண்டாம். டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. ஒரே மாதிரி இரண்டு கார் சேர்ந்து போனால் வரும் சத்தத்தை ஒரே கார் போடுகிறது என்று அர்த்தம். அப்படியே திருப்பினால், பைபாஸில் ஓடும் எல்லா வண்டியும் 3 டெசிபல் குறைந்த டயர் போட்டால், டயர் சத்தத்தைப் பொறுத்தவரை டிராஃபிக் பாதியானதற்குச் சமம். எந்த மேம்பாலமும் தர முடியாத பலன் இது.

அடுத்த குறை, வாங்குபவனுக்கு எண் தெரியாதது. ஐரோப்பாவில் 2012 நவம்பரில் இருந்தே டயரோடு ஒரு லேபிள் வருகிறது. 2021 மே மாதம் அதைத் திருத்திப் புது வடிவம் கொடுத்தார்கள். எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிப்பு, அதோடு வெளிச் சத்தம் எத்தனை டெசிபல் என்று எண்ணாகவே போட்டிருக்கும். வண்டி இன்ஜினை அணைத்து உருண்டு போகும்போது, பாதையின் நடுக்கோட்டில் இருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, 80 கி.மீ. வேகத்துக்கு எடுக்கும் அளவு அது. மைக் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். காருக்குள் இல்லை. ரோட்டோரத்தில், கிட்டத்தட்ட டீக்கடை பெஞ்ச் இருக்கும் இடத்தில்!

இந்தியாவில்? எரிசக்தித் திறன் அமைப்பான பீ.இ.இ. டயர்களுக்கு நட்சத்திர லேபிள் கொண்டுவந்திருக்கிறது, ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் கொடுப்பது போலவே. ஆனால் அந்த நட்சத்திரம் உருள் எதிர்ப்புக்கானது, அதாவது பெட்ரோல் டீசல் மிச்சத்துக்கானது. சத்தத்தைப் பற்றி நட்சத்திரம் வாயே திறப்பதில்லை. சோதனை செய்து பாஸ் வாங்கிய டயர்தான் கடைக்கு வருகிறது. எத்தனை மார்க்கில் பாஸ் என்பது கம்பெனிக்குத் தெரியும். காசு கொடுப்பவனுக்கு மட்டும் தெரியாது. எண்ணை மறைத்துவிட்டு 'சைலன்ட்' என்ற பெயரை மட்டும் விற்பதற்கு விளம்பரம் என்று பேர். தகவல் என்று பேர் இல்லை.

எண் கிடைத்தாலும் ஏமாறாமல் இருக்க ஒரு விஷயம் உண்டு. ஐரோப்பிய லேபிளில் எண்ணோடு ஏ, பி, சி என்று ஒரு தரமும் இருக்கும். அது அந்தந்த அகலத்துக்கான வரம்போடு ஒப்பிட்டுக் கொடுப்பது. வரம்பை விட 3 டெசிபல் குறைந்தால் ஏ. எனவே 69 டெசிபல் போடும் 265 மி.மீ. டயர் 'ஏ' வாங்கிவிடும். அதே 69 போடும் 145 மி.மீ. டயருக்கு 'பி'தான். எழுத்தைப் பார்த்து மயங்காமல் எண்ணைப் பார்க்க வேண்டும்.

வருகிற மறுப்புகள்

"மதுரையில ஹாரன் சத்தத்தை விடவா டயர் சத்தம் பெரிசு?"

சிட்டிக்குள் இது நியாயமான கேள்வி. கோரிப்பாளையத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும் வண்டியின் டயர் யாருக்கும் கேட்காது. ஏர் ஹாரனும் மைக் செட்டும்தான் அங்கே ராஜா. ஆனால் ரிங் ரோட்டுக்கு வாருங்கள். 7.3 கி.மீ. நீளத்துக்கு 2023-ல் திறந்த நத்தம் ரோடு மேம்பாலத்துக்கு வாருங்கள். அங்கே சிக்னல் இல்லை, ஹாரன் அதிகம் இல்லை, வேகம் உண்டு. அதே புதுநத்தம் சாலையில்தான் அதே 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தது. மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை பக்கம் 2004-ல் இருந்து உயர்நீதிமன்றக் கிளை இயங்குகிறது. 2000-ம் வருடத்து ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன. அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. நாலுவழிச் சாலையை ஒட்டிய ஊர்களில் இரவு முழுக்க ஓடும் டயர்களுக்கு இந்த எண்கள் எல்லாம் தெரியுமா என்ன?

ஹாரனுக்கும் டயருக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஹாரனில் இருந்து கையை எடுத்தால் நின்றுவிடும். டயர் நிற்காது. வெள்ளரிப்பட்டி, கப்பலூர், சமயநல்லூர் மாதிரி ஊர்களில் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பவருக்கு இது தெரியும். இதில் வெள்ளரிப்பட்டிக்கு ஒரு தனிக் கதையே உண்டு. 1982-ல் தொடங்கிய டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. இரு சக்கர வாகன டயர்களை நாட்டுக்கே செய்து அனுப்பும் ஊர். டயர் செய்யவும் தெரிந்த மண், அதன் சத்தத்தைக் கேட்கவும் விதிக்கப்பட்ட மண்.

"ரோடு சரியில்லை, டயரை ஏன் குறை சொல்றீங்க?"

பாதி உண்மை. பெரிய ஜல்லி மேலே தெரியும் சொரசொரப்பான ரோட்டில் நல்ல டயரும் சத்தம் போடும். டயர்களுக்கு இடையே உள்ள வித்தியாசமும் குறைந்துவிடும். ரோடு போடுகிறவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். ஆனால் ரோட்டை மாற்ற டெண்டர் வேண்டும், வருஷங்கள் வேண்டும். டயரை மாற்ற ஒரு மதியம் போதும். தன் கையில் இருப்பதைச் செய்யாமல் அரசாங்கத்தைக் கை காட்டுவது தப்பிக்கும் வழி.

"சத்தம் குறைஞ்ச டயர் மழையில வழுக்குமே?"

ஈரப் பிடிப்பில் சமரசம் செய்யச் சொல்பவன் எதிரி. ஐப்பசி மழையில் பிரேக் பிடிக்காத அமைதி யாருக்கும் வேண்டாம். ஆனால் இரண்டிலும் நல்ல மதிப்பு வாங்கும் டயர்கள் சந்தையில் இருக்கத்தான் செய்கின்றன. லேபிளில் மூன்று விவரமும் பக்கத்துப் பக்கத்தில் போடுவதே, ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிடாமல் தேர்ந்தெடுக்கத்தான்.

"விலை கட்டுப்படியாகாது."

இதைச் சொல்வது நாற்பது லட்சம் ரூபாய் வண்டி வைத்திருப்பவர்! சரி, கணக்கே போடலாம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது சொகுசு வண்டிகளின் வெளிநாட்டு அளவுகள் கிடைப்பது சிரமமானது, உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் டயர் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 20,000 ரூபாய் விலையுள்ள டயருக்கு முன்பு வரி 5,600. இப்போது 3,600. நாலு டயருக்கு 8,000 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தை வெள்ளை எழுத்துக்கும் ஒரு இன்ச் பெரிய அலாய்க்கும் போடாமல், சத்தம் குறைந்த ரகத்துக்குப் போட்டால் போதுமே.

யார் கணக்கில் எழுதுவது?

பி.காம். முதல் வருடப் பொருளாதாரப் பாடத்தில் புறவிளைவு என்று ஒரு சமாச்சாரம் வரும். தொழிற்சாலை லாபத்தை எடுத்துக்கொண்டு புகையை ஊருக்கு விட்டால், அந்தப் புகையின் செலவு தொழிற்சாலையின் பேரேட்டில் ஏறாது. ஊர்க்காரனின் ஆஸ்பத்திரி பில்லில் ஏறும். பரீட்சைக்கு எல்லோரும் இதை மனப்பாடம் பண்ணி எழுதுகிறார்கள். புகைக்குப் பதில் சத்தம் என்று போட்டுப் பாருங்கள், கணக்கு அப்படியே பொருந்தும். சொகுசு வண்டியின் இரட்டைக் கண்ணாடியும் பஞ்சு டயரும் சத்தத்தை ஒழிப்பதில்லை. உரிமையாளரின் கணக்கில் இருந்து எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரன் கணக்கில் பற்று எழுதுகின்றன. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு 2018-ல் கொடுத்த வழிகாட்டுதலில், இரவில் சாலைச் சத்தம் 45 டெசிபலைத் தாண்டினால் தூக்கத்துக்குக் கேடு என்று சொல்லியிருக்கிறது. தூக்கம் கெட்ட ஆள் காலையில் போய்ச் செய்யும் வேலையின் நஷ்டத்தை எந்த டயர் பில்லிலும் யாரும் சேர்ப்பதில்லை.

அதனால் செய்ய வேண்டியது இரண்டு. அரசு, பீ.இ.இ. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் டெசிபல் எண்ணையும் கட்டாயமாக அச்சிட வைக்க வேண்டும். சோதனை ஏற்கெனவே நடக்கிறது, எண் ஏற்கெனவே இருக்கிறது. கூடுதல் செலவு, கொஞ்சம் மை. அடுத்தது வாங்குகிறவர் வேலை. கடையில் போய் "வெளிச் சத்தம் எத்தனை டெசிபல்?" என்று கேட்க வேண்டும். முதல் பத்து பேருக்குக் கடைக்காரர் முழிப்பார். பதினோராவது ஆள் வரும்போது கம்பெனிக்காரனிடம் கேட்டு வைத்திருப்பார். வியாபாரி அப்படித்தான் கற்றுக்கொள்வார். ட்யூப்லெஸ்ஸும் நைட்ரஜனும் இந்த ஊருக்குள் அப்படித்தானே வந்தன?

மீனாட்சி கோயில் ஆடி வீதியில் நடப்பவர்கள் தானாகவே குரலைத் தாழ்த்துவார்கள். யாரும் அபராதம் போட்டதில்லை. பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்ற நினைப்பு, அவ்வளவுதான். அந்த நினைப்பு வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றியதும் எங்கே போய்விடுகிறது?

பி.கு: புது டயர் வாங்கும் முன் செய்யக் காசே தேவைப்படாத சில வேலைகள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டன்கள் ரம்பப் பல் மாதிரி ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தால் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வீல் அலைன்மென்ட்டும் டயர் ரொட்டேஷனும் ஒழுங்காகச் செய்திருந்தால் அது வந்திருக்காது. கார் கம்பெனி சொன்ன அளவை விட அகலமாகப் போகாதீர்கள். லோடு இண்டெக்ஸ், வேகக் குறியீடு இரண்டையும் குறைக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவான சைலன்ட் டயர் ஆக்சிலரேட்டர்தான். 100-ல் இருந்து 80-க்கு இறங்கினால் டயர் சத்தம் கிட்டத்தட்ட 3 டெசிபல் குறையும். அதற்கு ஜிஎஸ்டி கூடக் கிடையாது :-)